இன்னும் ஒரு கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

2009 வைகாசியில், யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்திருந்த மெனிக்பாம் முகாமுக்குள் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகள், இப்போது சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறார்கள். இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பதில், "வெளிநாடு போகப்போறன்." அதில் பிழை காண எனக்கு மனம் வருவதில்லை. அவர்களின் பாட்டன்மாருக்குக் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இருந்தது, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. சீமெந்து ஆலை 1990இல் நின்றது. பரந்தனையும் யுத்தம் மூட வைத்தது.

பயிற்சிக்கு இடமில்லை என்று சொல்லமாட்டேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிள்ளைகள் என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழோடு வெளியே வருகிறார்கள். அதற்கு அடுத்த நாள்தான் பிரச்சினை தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வெல்டிங் படித்தவர். நல்ல கைச்சுத்தம். அவர் ஒட்டிய இடத்தை விரலால் தடவினால் மேடு தெரியாது. வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில் போட்டுக் கேற் செய்ய இறங்கினார். ஓடர் வந்தது, இரும்பு வாங்கக் காசில்லை. வங்கியில், அரச உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கூட்டிவா என்றார்கள். அந்த ஊரில் அரச சம்பளம் எடுப்பவர்கள் மூன்றே பேர். மூவரும் ஏற்கெனவே வேறு ஆட்களுக்குக் கையெழுத்து வைத்தவர்கள். காணியை ஈடு வைக்கலாமென்றால் அது உறுதிக் காணியில்லை, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. கடைசியில், நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்கு வாங்கினார். ஆறு மாதத்தில் வெல்டிங் பிளாண்டை விற்றுத்தான் அந்தக் கடனைக் கட்டினார்.

ஆகவே வெறுமனே கடன் கொடுங்கள் என்று நான் கேட்கவரவில்லை. கம்பனிகள் கொடுத்த சிறு கடனான நுண்கடன் எங்கள் வீடுகளை எப்படிக் கடனில் அமிழ்த்தியது என்று உங்களுக்குத் தெரியும். 2018இல் அரசாங்கமே பெண்களின் கடனை ஒரு லட்சம் ரூபா வரை தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

வாழ்வாதார உதவி என்று பொருளாகக் கொடுப்பதும் அப்படித்தான். ஒரே ஒழுங்கையில் பதினொரு தையல் மெஷின் பார்த்தேன். எல்லோரும் சட்டை தைத்தால் வாங்குவது யார்? ஒரு வீட்டில் பொலித்தீன் உறை கழற்றாமலே மெஷின்மேல் சாமிப்படம் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை சொன்னா: "ஒரு பள்ளிக்கூடம் யூனிபோம் ஓடர் தந்தாக் காணும் சேர், இரவிரவாத் தைப்பன்."

மெஷினோடு அந்த ஓடரையும் தேடிக் கொடுக்க வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகளே, ஊரில் வீடு கட்டுகிறீர்கள். கேற்றையும் யன்னலையும் கொழும்பிலிருந்து இறக்காமல், பாதிக் காசை முற்பணமாகக் கொடுத்து ஊர்ப் பிள்ளையிடம் செய்வியுங்கள். இரும்புக் கடைக்கார அண்ணைமார் ஒரு மாதத் தவணை கொடுங்கள். கூட்டுறவுச் சங்கங்கள் பிணைக்கு முன்வாருங்கள்.

அந்தத் தம்பி இப்போது வவுனியாவில் ஒரு பட்டறையில் நாட்சம்பளத்துக்கு நிற்கிறார். ஊரில் கொட்டிலைக் கழற்றவில்லை. போன கிழமை கதைத்தபோது, பழைய பிளாண்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்றார். நான் அரச சேவையில் இருப்பவன், கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒருவர் வேண்டும்.

வணக்கம்.