சிவப்புக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மாசி, பங்குனியில் மலையடிவாரச் சாலைகளில் போகிறவர்கள் முள்ளிலவு மரத்தைக் கவனித்திருப்பீர்கள். மருந்துக்குக்கூட ஓர் இலை இருக்காது. கிளையெல்லாம் சிவப்புப் பூ. கையில் செல்போன் இருப்பவர்கள் படம் எடுக்காமல் நகர்வதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கிளை இருக்கிறது, வானம் இருக்கிறது, பூ இருந்த இடத்தில் மட்டும் குங்குமத்தைக் கொட்டியதுபோல ஒரு திட்டு. இதழின் மடிப்பும் தெரியாது, உள்ளே நிற்கும் மகரந்தத் தாள்களும் தெரியாது.

இதற்குக் காரணம் கேமராவின் கணக்கு. பெரும்பாலான கேமராக்களில் வெளிச்சத்தை வாங்கிப் பதிவுசெய்யும் உணரியில் ஒவ்வொரு நான்கு புள்ளியிலும் இரண்டு பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு, ஒன்றே ஒன்றுதான் சிவப்புக்கு. பிரகாசத்தை அளக்கும்போதும் சிவப்புக்கு மதிப்புக் குறைவு. திரைகளுக்கான வழக்கமான கணக்கில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பின் பங்கு 21. அதனால் செக்கச் சிவந்த பூவும் கேமராவுக்கு மங்கலாகத்தான் படுகிறது. போதாது என்று அது வெளிச்சத்தைக் கூட்டுகிறது. மற்ற இரண்டு நிறங்களும் சும்மா இருக்க, சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடுகிறது.

ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள். ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வசதி இருந்தால் அதில் சிவப்பை மட்டும் பாருங்கள். மொத்தப் பிரகாசத்தைக் காட்டும் வரைபடம் ‘எல்லாம் சரி’ என்றே சொல்லும், நம்பாதீர்கள். முடிந்தால் உணரி பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ‘ரா’ கோப்பாக எடுங்கள். செல்போனில் என்றால் திரையில் பூவைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். சித்திரை வெயிலில் நண்பகலில் குல்மொகரை எடுப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மேகம் மூடிய நாளே சிவப்புக்கு நல்ல நாள்.

இலவ மரத்தடியில் இன்னொரு லாபமும் உண்டு. தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பைத் தனி நிறமாகப் பிரித்தறியும் திறன் இல்லை, பறவைகளுக்கு உண்டு. இலவம் பூவுக்கும் முள்முருங்கைப் பூவுக்கும் தேன் குடிக்க மைனா, காகம், கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் வரும். குளிர்காலத்தில் நடு ஆசியப் பக்கமிருந்து வரும் சூறைக்குருவிகளும் ஊர் திரும்புமுன் கூட்டமாக வந்து இறங்கும். பறவையைத் துரத்தாமல் பூத்த மரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுங்கள். சிவப்புப் பூவில் கரிச்சான் வந்து உட்காரும்போதுதான் வில்லங்கம்: கறுப்புக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் பூ போய்விடும். பூவுக்கே அளவு வையுங்கள். கறுப்பைப் பிறகு கணினியில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம்.

கண்மாய்ப் பக்கம் வட்டமிடும் செம்பருந்தில் இதே சிக்கல் வேறு விதமாக வரும். உடம்பு செம்பழுப்பு, தலையும் மார்பும் வெள்ளை. இங்கே முதலில் வெள்ளையைக் காப்பாற்ற வேண்டும்.

மதுரைக்கு அருகே உள்ள அரிட்டாபட்டியை 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அங்கே ஷாஹீன் வல்லூறின் செம்பழுப்பு வயிற்றைப் படம் பிடிக்க ஆசைப்படுபவர்கள் கீழே நின்றே எடுக்கட்டும். கூடு இருக்கும் பாறையில் ஏறிப்போய் எடுக்கும் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எனக்கு அது படமில்லை. ஆள்காட்டிக் குருவி விஷயமும் அப்படித்தான். கண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிவப்புத் தசை அழகுதான். ஆனால் அது தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறதென்றால், வெறுந்தரையில் இட்ட முட்டை உங்கள் காலடியில்கூட இருக்கலாம். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில் வெளியே போனால், தரையில் ஊரும் சின்னஞ்சிறு சிவப்புப் பட்டுப்பூச்சியைப் பார்க்கலாம். தீப்பெட்டியில் அடைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனவர்கள் இந்த உரையைக் கேட்பவர்களிலும் இருப்பீர்கள். பூச்சி என்று சொன்னாலும் எட்டுக்கால் உடைய, சிலந்திக்கு உறவான உயிர். உடம்பு முழுக்க நெருக்கமான மென்மயிர். அந்த மயிர் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் பளபளப்பு வராது. அதனால் சிவப்பு அடர்த்தியாக விழும். ஃபிளாஷ் வேண்டாம். செம்மண்ணில் பூச்சி எடுபடாது. கரிசலுக்கோ ஈரப் புல்லுக்கோ அது ஊர்ந்து வரும்வரை பொறுத்திருங்கள். வயிறு மண்ணில் பட நீங்களும் படுத்து, கேமராவை அதன் மட்டத்துக்கு இறக்குங்கள். மேலே நின்று எடுத்தால் வெறும் சிவப்புப் பொட்டுதான். இறங்கி எடுத்தால் முன்காலைத் தூக்கித் தூக்கித் தடவிப் பார்த்து நடப்பது தெரியும்.

குண்டுமணி இதற்கு நேர்மாறு. வேலிக்கொடியில் வெடித்த காய்க்குள் இருக்கும் அந்த விதை கண்ணாடி மாதிரி மினுங்கும். வானத்தின் வெள்ளை அப்படியே அதில் விழும். வெள்ளைத் துணியைப் பிடித்து வெயிலை மறைத்தால் மினுக்கம் மென்மையாகும். ஆடாது, ஓடாது, பழகுவதற்கு ஏற்றது. விதை கடும் விஷம் என்பதால் சிறுவர்களை மட்டும் கிட்டே விடாதீர்கள்.

வெளிநாட்டு இலையுதிர்காலப் படங்களைப் பார்த்து ஏங்குபவர்களுக்கு ஒன்று: நம் ஊரில் இலை சிவப்பது பெரும்பாலும் துளிர்க்கும்போது. அரச மரத்துக் கொழுந்தும் இலுப்பைக் கொழுந்தும் செம்பு நிறத்தில் வரும். சூரியனை இலைக்குப் பின்னால் வைத்து, நிழலில் இருக்கும் அடிமரத்தைப் பின்னணியாக்கி எடுங்கள். கொழுந்து பச்சையாக மாறச் சில நாட்களே ஆகும் என்பதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். நன்றி, வணக்கம்.