அந்தக் கொடியை நேர்ல பார்த்துட்டேன்! சான் பிரான்சிஸ்கோ காஸ்ட்ரோ மியூசியம் வ்லாக்

வணக்கம் மக்களே! நேரா விஷயத்துக்கு வந்துடறேன், வெளியே வந்து இன்னும் படபடப்பு அடங்கல. சான் பிரான்சிஸ்கோ, தன்பால் ஈர்ப்பாளர்கள் நிறைய வாழற காஸ்ட்ரோ பகுதி, 18வது தெரு. பின்னாடி சின்னக் கடை மாதிரி ஒரு முகப்பு தெரியுதா? அதான் ஜிஎல்பிடி ஹிஸ்டாரிக்கல் சொசைட்டியோட மியூசியம், அதாவது தன்பால் ஈர்ப்பாளர்கள், இருபால் ஈர்ப்பாளர்கள், திருநர்களோட வரலாற்றைச் சேர்த்து வைக்கற அமைப்பு. 2011ல திறந்தாங்க. போங்க போங்கன்னு கமென்ட்ல சொல்லிட்டே இருந்தீங்களே, வந்துட்டேன்.

அந்தக் கொடி உள்ளே இருக்குங்க! 1978 ஜூன் 25, கலைஞர் கில்பர்ட் பேக்கரும் அவர் நண்பர்களும் இந்த ஊர்ல முதல் தடவையா ஏத்தின வானவில் கொடி, இந்தச் சமூகத்தோட அடையாளக் கொடி. அதுலேர்ந்து ஒரு துண்டு. துண்டுன்னா கைக்குட்டைன்னு நினைக்காதீங்க, 28 அடி. எட்டு நிறமும் இருக்கு. இப்போ எல்லா இடத்திலேயும் பறக்கறது ஆறு நிறம்தானே, இதுல மேலே ஒரு பளீர் ரோஸ், நடுவுல டர்க்கைஸ் நீலம் கூடுதலா இருக்கும். அந்த ரோஸ் போனதுக்குக் காரணம் துணி கிடைக்கல, அவ்வளவுதான். தன்பால் ஈர்ப்பாளர்னு வெளிப்படையா சொல்லி இந்த ஊர் நகரசபைக்குத் தேர்வான ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஆளாளுக்குக் கொடி கேட்டாங்க, அந்த நிறத்துல துணி தேவையான அளவுக்கு இல்ல. மறு வருஷம் மார்க்கெட் தெரு விளக்குக் கம்பத்துல செங்குத்தா தொங்கவிட்டப்போ நடுப்பட்டையைக் கம்பமே மறைச்சிடுச்சு. சரி, இரட்டைப்படையா இருக்கட்டும்னு டர்க்கைஸையும் எடுத்துட்டாங்க.

இப்போ ஒரு விஷயம் பேசியே ஆகணும். வீடியோ இருட்டா இருக்குன்னு எழுதப் போறீங்க, தெரியும். கண்ணாடிப் பெட்டி, அதுல விளக்கு பட்டு வெள்ளையா ஒரு திட்டு. இடது பக்கம் நின்னேன், திட்டு ரோஸ் மேல. வலது பக்கம் நின்னேன், திட்டு ஊதா மேல. குனிஞ்சா என் போன் தெரியுது. ஃபிளாஷ் போடவே மாட்டேன், அது உங்களுக்குத் தெரியும், பழைய துணி விஷயத்துல நான் ரொம்பக் கறார். கைச்சாயம் போட்ட பருத்தி, வெளிச்சம் பட்டா வெளுத்துடும், வெளுத்தா திரும்ப வராது. அதனால வெளிச்சத்தைக் கம்மியா வெச்சிருக்கறது நூத்துக்கு நூறு சரி. கடைசியில என் கறுப்புச் சட்டையை, மேல் சட்டையைத்தான், ஒரு கையில திரை மாதிரி பிடிச்சு, இன்னொரு கையில எடுத்தேன் பாருங்க, திட்டே இல்ல! எட்டு நிறமும் ஒரே ஃபிரேம்ல! இந்த வருஷம் எடுத்ததுலயே எனக்குப் பிடிச்ச ஷாட் இதுதான். இன்னொரு தடவை போடறேன், பாருங்க.

அட, சாயம்னதும் ஞாபகம் வருது, அந்தக் கதையைச் சொல்லாம வந்துட்டேன். குப்பைத் தொட்டி சைஸ் டப்பாக்கள்ல தண்ணி ஊத்தி, சாயம் கலந்து, முப்பது பேர் சேர்ந்து முக்கி எடுத்திருக்காங்க. அலசணுமே? காசு போட்டு துவைக்கற பொது லாண்ட்ரிக்கு ராத்திரி போயிருக்காங்க. சாயத்துணி போடக் கூடாதுன்னு அங்க விதி. போட்டு அலசிட்டு, அடுத்து வர்றவங்க துணியில சாயம் ஒட்டாம இருக்க மெஷின்ல பிளீச் ஊத்தி ஓடவிட்டுக் கிளம்பியிருக்காங்க! இந்தத் துண்டு பேக்கர்கிட்டயே இருந்திருக்கு. அவர் 2017ல இறந்தார், நிபுணர்கள் பார்த்து உறுதி செஞ்சு, 2021ல இங்க வந்தது.

டெல் மார்ட்டின், ஃபிலிஸ் லயன் ஞாபகம் இருக்கா? 1955ல லெஸ்பியன் பெண்களுக்காக டாட்டர்ஸ் ஆஃப் பிலிடிஸ் அமைப்பைத் தொடங்கினவங்கள்ல ரெண்டு பேர், முன்னாடி ஒரு வீடியோவுல பேசினேனே. 2004ல இவங்க ஒருத்தரை ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, கோர்ட் செல்லாதுன்னுடுச்சு. 2008 ஜூன்ல மறுபடி கல்யாணம். ரெண்டுக்கும் அதே பேன்ட் சூட். அந்த ரெண்டு சூட்டும் சொசைட்டி சேகரிப்புலதான் இருக்கு. டெல் அந்த ஆகஸ்ட்லயே போயிட்டாங்க. புதுசு வாங்காம அதையே எடுத்து உடுத்தினாங்க பாருங்க, எனக்கு அது போதும்.

இதெல்லாம் எப்படித் தப்பிச்சதுன்னு கேளுங்க. சொசைட்டி தொடங்கினது 1985. எய்ட்ஸ்ல இந்த ஊர்ல ஆட்கள் வரிசையா செத்துட்டிருந்த நேரம். குடும்பம் வந்து வீட்டைக் காலி பண்ணும்போது கடிதம், ஃபோட்டோ எல்லாம் குப்பைக்குப் போகும். அப்போ ஓடிப் போய்ப் பெட்டி பெட்டியா எடுத்துட்டு வந்தவங்கதான் இதை உண்டாக்கினாங்க. இன்னிக்கு 1,000க்கும் மேல தொகுப்புகள். 1933 மே மாசம் பெர்லின்ல, பாலியல் ஆய்வாளர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் நிறுவனத்தோட நூலகத்தை நாஜிகள் சூறையாடி பொதுச் சதுக்கத்துல எரிச்சாங்க. மறு பிரதி இல்லாத காகிதம் போனா போனதுதான். அதனாலதான் ஒரு நோட்டீஸைக்கூட ஒருத்தர் எடுத்து வெச்சிருந்தா எனக்கு அவங்களைக் கும்பிடத் தோணுது. பெரிய பெரிய திரையை மாட்டி, தொட்டா படம் ஓடற மியூசியங்கள் எனக்குச் சுத்தமா ஆகாது. எனக்குப் பொருள் வேணும், கையெழுத்து வேணும்.

கையெழுத்துன்னா லூ சல்லிவன். திருநம்பி, ஆண்களை நேசிச்சவர். ஆம்பளையா மாறி ஆம்பளையையே விரும்புவேங்கறியான்னு அந்தக் காலத்துப் பாலின கிளினிக்குகள் அவரை ஏத்துக்கல. விடாம போராடி சிகிச்சை எடுத்துக்கிட்டார், மத்த திருநம்பிகளுக்காக ஒரு குழுவே நடத்தினார். 1991ல எய்ட்ஸ்ல இறந்தார், நாப்பது வயசு ஆகல. சின்னப் பையனா இருந்தப்போலேர்ந்து எழுதின டைரிகள் சொசைட்டிகிட்டதான் இருக்கு. சொசைட்டியைத் தொடங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர்!

ஆனா டைரி இந்தக் கட்டடத்துல கிடையாது. ஆவணக் காப்பகம் தனி, மார்க்கெட் தெருவுல, முன்கூட்டியே நேரம் வாங்கணும். பெரிய நிரந்தர இடம் வேணும்னு பல வருஷமா கேட்டாங்க, இப்போ நகர நிர்வாகமே ஒரு கோடி டாலருக்கு மேல போட்டு மார்க்கெட் தெருவுல ஒரு கட்டடம் வாங்கியிருக்கு. நியாயமான செலவு!

வர முடியாதவங்க வீட்டுலேர்ந்தே பே ஏரியா ரிப்போர்ட்டர்ங்கற இந்த ஊர் தன்பால் ஈர்ப்பாளர் சமூகத்து வாரப் பத்திரிகையைப் பாருங்க, பழைய இதழ்களை ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டிருக்காங்க. எண்பதுகள் இதழ்ல இரங்கல் பக்கத்தைத் திறங்க, வாரா வாரம் முகம் முகமா. அப்புறம் 1998 ஆகஸ்ட் 13 இதழ். 'இரங்கல் செய்தி இல்லை', அதுதான் முதல் பக்கத் தலைப்பு. அந்த வாரம் எய்ட்ஸ் இரங்கல் ஒண்ணுகூட வரல.

காப்பகத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன். நேரம் கொடுத்ததும் லூ டைரியோட வர்றேன். எந்த வருஷத்து டைரியை முதல்ல கேட்கட்டும்? கமென்ட்ல சொல்லுங்க.