தொழிற்சாலைக்குள் ஏழு கோபுரங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியின் மிலான் நகரம் என்றதும் பலருக்கு ஆடை அலங்காரக் கடைகளும் பளிங்குக் கதீட்ரலும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அந்த ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் பிக்கோக்கா என்ற பகுதியைப் பற்றி. ஒரு காலத்தில் அங்கே ஆலைச் சங்கு ஊதித்தான் பொழுது விடியும். ஒரு பக்கம் பிரெல்லியின் டயர் ஆலை. இன்னொரு பக்கம், 1886இல் எர்னெஸ்தோ பிரேடா தொடங்கிய நிறுவனத்தின் பட்டறைகள். ரயில் இஞ்சின்களும், பிற்காலத்தில் பெரிய மின் இயந்திரங்களும் அங்கே உருவாயின. அப்புறம் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. டயர் செய்த இடத்தில் இன்று பல்கலைக்கழகம் நடக்கிறது.

பிரேடாவின் கூடங்கள் சிலவற்றை இடிக்காமல் விட்டார்கள். 2004 முதல் அவை 'ஹேங்கர் பிக்கோக்கா' என்ற சமகாலக் கலைக்கூடம். நடத்துவது லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளை. பிரெல்லி நிறுவனம் கைகொடுக்கிறது, அதன் பெயரும் வாசலில் இருக்கிறது. அது சரிதான் என்பேன். எந்த மண்ணின் உழைப்பில் வளர்ந்தார்களோ அந்த மண்ணுக்கே செய்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. வேலைக்கு வந்தவர்கள் மட்டுமே நுழைந்த வாசலில் இப்போது யார் வேண்டுமானாலும் போகலாம். எனக்கு இந்த இடத்தை மிகவும் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், உள்ளே நிற்கும் ஏழு கோபுரங்கள்.

ஜெர்மனியில் பிறந்த கலைஞர் ஆன்செல்ம் கீஃபர், 'ஏழு விண்ணக மாளிகைகள்' என்ற இந்தப் படைப்பை இந்தக் கூடத்துக்கென்றே செய்தார். யூத மறைஞான மரபில், இறைவனை நாடிப் போகிறவன் கடக்க வேண்டிய ஏழு மாளிகைகளிலிருந்து வந்த பெயர் அது. ஒவ்வொரு கோபுரமும் ஏறக்குறைய 90 டன் எடை, 14 முதல் 18 மீட்டர் உயரம். வழக்கமான அருங்காட்சியகத்தில் இவற்றை நிறுத்த முடியாது. தரை தாங்காது, கூரை இடிக்கும். இந்தக் கூடமோ பாரமான இயந்திரங்களுக்காகவே கட்டியது. தொழிலுக்காகப் போட்ட தரைதான் இன்று கலையைச் சுமக்கிறது.

அருகில் போய்ப் பாருங்கள். கப்பலில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர்களையே அச்சாக வைத்து கான்கிரீட் ஊற்றியிருக்கிறார். கன்டெய்னர் தகரத்தின் மடிப்புகள் அப்படியே சுவரில் வரிவரியாகப் பதிந்திருக்கின்றன. துருப்பிடித்த கம்பிகள் முனையில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடுக்குக்கு அடுக்கு, செங்கல் துண்டைச் செருகுவது போல ஈயத்தால் செய்த புத்தகங்களைச் செருகியிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் கோபுரம் சாய்ந்திருப்பது போலத் தெரியும். காலைப் பின்னால் வைக்கத் தோன்றும்.

கட்டி முடிக்காத வீடா, குண்டு விழுந்த வீடா என்று சொல்ல முடியாத தோற்றம் அது. கீஃபர் பிறந்தது 1945 மார்ச்சில், போரின் கடைசி மாதங்களில். இடிபாடுகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1944 மார்ச்சில், வட இத்தாலியின் ஆலைத் தொழிலாளர்கள் நாஜி ஆக்கிரமிப்பையும் மீறி வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரேடாவின் ஆட்களும் அதில் இருந்தார்கள். நாஜிகள் பலரைப் பிடித்து மௌட்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வராதவர்கள் உண்டு. அந்தத் தொழிலாளர்களின் நிறுவனத்துக் கூடத்தில், அந்தப் போரின் இடிபாடுகளைப் பார்த்து வளர்ந்த ஒருவரின் கோபுரங்கள் நிற்கின்றன. இந்த இரண்டையும் நான் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

ஏழில் உயரமானதன் பெயர் 'காந்தப் புலக் கோடுகள்'. அதன் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளமான திரைப்படச் சுருள் தொங்கி இறங்கி வருகிறது. அடியில் ஒரு வெறும் ரீலும் ஒரு கேமராவும். எல்லாமே ஈயம். ஈயத்தின் வழியே ஒளி போகாது. அந்தச் சுருளில் ஒரு படமும் இல்லை.

நன்றி, வணக்கம்.