பதின்மூன்று வாரத்தில் முடிந்த கதை

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் டிவி மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் நான். அந்தக் காலத்து டிவியையும் இன்றைய டிவியையும் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். டிவியைப் பற்றிப் பேச ரேடியோவுக்குப் போகிறாயா என்று வீட்டில் ஒரே சிரிப்பு. சரி, அழைத்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய டிவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லாருக்கும் குரல் இளகிவிடுகிறது. எனக்கு அவ்வளவு இளகாது. அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துப் பிழைத்தவன் நான். முன்பக்கம் என்ன ஓடியது என்பதும் நன்றாக நினைவிருக்கிறது. பாதிக்கு மேல் கொட்டாவிதான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சாயங்காலம் சில மணி நேரம் மட்டும்தான் ஒளிபரப்பு. அதில் 'வயலும் வாழ்வும்' என்று ஒரு நிகழ்ச்சி. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் யார் தெரியுமா? காசிமேட்டில் வலை பின்னுகிறவர், பின்னி மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். ஒருவருக்கும் ஒரு சென்ட் நஞ்சை கிடையாது. ஆனாலும் நெல்லில் புகையான் பூச்சி விழுந்தால் தூரில் தண்ணீர் நிற்க விடாமல் வடிக்க வேண்டும் என்பது தெருவுக்கே தெரியும். நாற்றையே பார்க்காத பிள்ளைகள் பாத்தி கட்டுவதைப் பற்றி விளக்கம் சொல்வார்கள். அடுத்து வரப்போகும் நிகழ்ச்சிக்கு இடம் பிடித்து உட்கார்ந்தவர்கள், இதையும் சேர்த்துப் பார்த்தார்கள். வேறு சேனல் இருந்திருந்தால் ஒருவர்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நாளன்று மட்டும் என் கடைக்கு மரியாதையே வேறு. மத்தியானத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் வருவார்கள். "இன்னா அண்ணே, சாய்ங்காலத்துக்குள்ள ரெடியாவுமா?" என்று கேட்டுவிட்டுப் போக மாட்டார்கள். பக்கத்திலேயே நிற்பார்கள். நான்கைந்து சினிமாப் பாட்டுக்குத்தான் இந்தப் பாடு. அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு பாட்டு கிடையாது. எட்டரைக்கு மேல் டெல்லி அஞ்சல், அதாவது டெல்லி நிலையத்தின் ஒளிபரப்பு, வந்துவிடும், இந்தியில் செய்தி சொல்வார்கள். பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

அன்றைய கோளாறுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு ஆசை அதில்தான். நிலையம் சேப்பாக்கத்தில், சுவாமி சிவானந்தா சாலையில். அதனால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை எங்கள் மொட்டை மாடி ஆன்டெனாக்கள் எல்லாம் தெற்கே பார்த்துத்தான் நிற்கும். கடல் காற்று உப்பு அலுமினியத்தையும் விடாது. ஒயர் முடுக்கிய இடத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும். சிக்னல் ஏதாவது உயரமான கட்டடத்தில் பட்டுத் திரும்பி வந்தால் ஒரு ஆளுக்கு இரண்டு ஆளாகத் தெரியும். செய்தி வாசிக்கும் ஷோபனா ரவிக்குப் பக்கத்தில் இன்னொரு ஷோபனா ரவி மங்கலாக உட்கார்ந்திருப்பார். மாடியில் ஒருவன் கம்பத்தைத் திருக, கீழே ஜன்னலில் ஒருவன் "போதும், போதும், ஐயோ போச்சு" என்று கத்த, அது ஒரு தனி நாடகம். நிலையத்திலேயே கோளாறு என்றால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டை போடுவார்கள். அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சாலிடேர், டயனோரா, இரண்டும் நம்ம சென்னைத் தயாரிப்பு. பின்மூடியைக் கழற்றியவுடன் கையை விட்டுவிடக் கூடாது. கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கே பிக்சர் டியூப்பில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்ணாடிக்குள் அந்தச் சக்தி தங்கியிருக்கும். திருப்புளியின் கம்பியில் ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையைச் சேஸிஸில், அதாவது பெட்டிக்குள் இருக்கும் உலோகச் சட்டத்தில், மாட்டி, டியூப்பின் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம்தான் வேலை. ஓடும் பெட்டியில் கை வைக்க வேண்டி வந்தால் ஒரு கையை பாக்கெட்டில் போட்டுக்கொள்வோம். இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ ஸ்டைலாக நிற்கிறேன் என்று நினைப்பு.

1987 ஜனவரியில் ராமாயணம் ஆரம்பித்த பிறகு இன்னொன்றும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டிவிட்டுத்தான் சிலர் பார்க்கவே உட்கார்ந்தார்கள். காற்றுப் போக வைத்த துளைகள் வழியாக விபூதி உள்ளே இறங்கும். பின்மூடியைத் திறந்தால் சர்க்யூட் போர்டின் மேல் விபூதி, குங்குமம், இரண்டு மூன்று காய்ந்த துளசி. பிரஷ்ஷால் தட்டிவிட்டு வேலை பார்ப்பேன். அவ்வளவும் இந்தி வசனம், எங்கள் தெருவில் யாருக்கும் இந்தி வராது. சவுகார்பேட்டையில் சேட்டுக் கடையில் வேலை பார்த்த பையன் ஒருவன் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவான். கதை தெரிந்த கிழவிகள் அவனைத் திருத்துவார்கள். 1988 ஜூலையில் அது முடிந்தது, அக்டோபரில் மகாபாரதம் வந்தது, 1990 ஜூனில் அதுவும் முடிந்தது.

நான் சொல்ல வந்தது இந்த 'முடிந்தது' என்பதைத்தான். அன்றைய நிகழ்ச்சி இன்றையதைவிட உசத்தி என்று நான் சொல்லவே மாட்டேன். நடிப்பு மேடை நாடகம் போல இருக்கும், செட் ஆடும், கதவைச் சாத்தினால் சுவரே அதிரும். ஆனால் ராமாயணம், மகாபாரதம் போன்ற பெரிய கதைகளை விட்டால், ஒரு தொடர் என்றால் பெரும்பாலும் பதின்மூன்று வாரம். தூர்தர்ஷன் அந்தக் கணக்கில்தான் அனுமதி கொடுக்கும். எழுதுகிறவர் பேனாவை எடுக்கும்போதே கடைசி வாரம் எதில் போய் நிற்க வேண்டும் என்று யோசித்தாக வேண்டும். பாலசந்தரின் 'ரயில் சினேகம்' போன்ற தொடர்கள் மனத்தில் தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த 'மர்மதேசம்' வாரம் ஒரு நாள்தான் வரும். நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. குதிரையில் வருவது யார் என்று டீக்கடையில் ஆறு நாள் பஞ்சாயத்து நடக்கும். விடை ஒன்று வரும் என்ற நம்பிக்கையில்தான் பேசினோம், விடையும் வந்தது.

சன் டிவி 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று ஆரம்பித்தது. மாடிக்கு மாடி கேபிள் ஒயர் தாவியது. 1999 கடைசியில் 'சித்தி', பிறகு 'மெட்டி ஒலி', 2003இல் 'கோலங்கள்'. அந்தக் 'கோலங்கள்' ஆறு வருஷம், 1500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. அந்த ஆறு வருஷத்தில் எங்கள் தெருவில் பத்தாவது படித்த பெண் கல்யாணமாகிப் பிள்ளையோடு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்த்தாள். கதை எழுதுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து, யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்கெடுத்து, வாரா வாரம் டிஆர்பி வருகிறது. எண் நன்றாக இருந்தால் விளம்பரக் காசு வரும், காசு வரும் தொடரை நிறுத்த எவருக்கு மனசு வரும்? எண் இறங்கினால் இரண்டே வாரத்தில் எல்லாரும் திருந்தி, குடும்பப் போட்டோ எடுத்து முடித்துவிடுகிறார்கள். ஆக, கதைக்கு முடிவு வருவதில்லை, வியாபாரத்துக்குத்தான் வருகிறது. இப்போது சனிக்கிழமையும் விடாமல் ஓடுகிறது. நள்ளிரவில் எழுந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு மாமியார் விஷம் கலந்துகொண்டிருக்கிறார்.

இன்றைக்கு ஒன்று நன்றாக நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பழைய டிவியில் எங்கள் வடசென்னைப் பேச்சு காமெடிக்குத்தான். வேலைக்காரரும் ரிக்ஷாக்காரரும் பேசுவார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். சாவு வீட்டுக் கானாவை அந்த நிலையத்துக்குள் யார் விட்டிருப்பார்கள்? இன்று பாட்டுப் போட்டி மேடையில் சின்னப் பையன் கானா பாடுகிறான், நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். அதைப் பார்த்தபோது, அந்தக் காலமே பொற்காலம் என்று அடித்துச் சொல்கிறவர்கள் யார் வீட்டு ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் வாசற்படியில், சில வீடுகளில் நாலணா கொடுத்துவிட்டு, எட்டிப் பார்த்தவர்கள். 2006இல் அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி வந்த பிறகுதான் பல குடிசை மாற்று வாரிய வீடுகளில் சொந்தப் பெட்டி என்று ஒன்று இருந்தது.

கூட்டமாகப் பார்த்த சந்தோஷத்தையும் மறுக்கவில்லை. 1986 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் மெக்சிகோவில் பகல், நமக்கு இரவு பதினொன்றரை. வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் பந்து விளையாடாத சந்து ஏது? பெட்டியைத் தெருவுக்கே தூக்கிவந்து, நள்ளிரவு தாண்டி மரடோனாவின் அணி ஜெயித்ததும் போட்ட சத்தத்தில் நாய்கள் ஓடின. ஆனால் கிரிக்கெட் இறுதி ஆட்டம் என்றால் இன்றும் டீக்கடை வாசலில் அந்தக் கூட்டம் நிற்கத்தான் செய்கிறது.

முடிகிற கதையும் திரும்பி வந்திருக்கிறது. ஓடிடியில் 2022இல் வந்த 'சுழல்' எட்டே பகுதி. எங்கள் பேரன் வழியாகப் பார்த்தேன். எட்டாவதில் முடிச்சு அவிழ்ந்து, கதை நின்றது. அடுத்து வந்த பெயர்ப் பட்டியலையும் உட்கார்ந்து படித்தேன். காசு கட்டிய செயலியில், தனித்தனிச் செல்போனில் என்பதுதான் குறை. மாதச் சந்தா கட்ட முடியாத வீட்டில் இன்னும் ஆறு நாள் சீரியல்தான். இலவசச் சேனல்கள் பதின்மூன்று வாரக் கதை ஒன்றை வாரம் ஒரு நாள் போட்டுப் பார்க்கலாம். தூர்தர்ஷனே செய்யலாம், பொதிகை என்ற பெயரை மாற்றி 2024இல் டிடி தமிழ் என்று புதுசாகத் தொடங்கியிருக்கிறார்களே.

கடைசியாக, என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று. பரணில் தாத்தா காலத்து ஷட்டர் டிவி இருக்கிறது, ஓட வைக்க முடியுமா? முடியும். கெப்பாசிட்டர்களை மாற்றி, செட்டாப் பாக்ஸிலிருந்து பழைய ஆன்டெனாத் துளைக்கு ஏற்ற மாதிரி சிக்னல் கொடுத்தால் படம் வந்துவிடும். கறுப்பு வெள்ளையில், அதே மரக் கதவோடு, அதே கரகர சத்தத்தோடு. இன்று ராத்திரி எட்டு மணி சீரியலை அதில் தாராளமாகப் பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.