செவந்துதா?

நடுவர் அவர்களுக்கும் திருப்பாதிரிப்புலியூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். 'சிவப்பு' என்ற சொல் நம்ம பேச்சுல பெரிதும் குறிப்பது தோல் நிறத்தையா, பக்குவத்தையா? நான் பக்குவத்தின் பக்கம்.

எதிரணி அண்ணன் ஒரு குத்து குத்திட்டு உக்காந்தார். "தரகர் வாயில செவப்புன்னா வெளுத்த தோலு. அங்க எங்கம்மா போச்சு உங்க பக்குவம்?" கைதட்டலை அள்ளிட்டார். அண்ணே, தரகர் கதை எங்க வீட்லயே இருக்கு!

அக்காவுக்கு வரன் பேச வந்தவர், திண்ணையில உக்காந்ததும் கேட்டார்: "செவப்புதானே?" அம்மா உள்ள உளுந்து வடை போட்டுக்கிட்டிருந்தாங்க. "செவந்துக்கிட்டு இருக்கு, கொஞ்சம் பொறுங்க!" தரகர் முழிக்கிறார். "இல்லம்மா, எவ்வளவு செவப்பு?" "அடுப்பக் கொறச்சு வச்சிருக்கேன், ரெண்டு பக்கமும் ஒண்ணா செவக்கும்!" அவர் கேட்டது அக்காவை, அம்மா சொன்னது வடையை! சபையே சொல்லட்டும், சொல்லை ஒழுங்காப் பேசினது யாரு?

வடை மட்டுமா? சூளையில வெந்தாத்தான் செங்கல், வேகாதது பச்சைக்கல். சுண்ணாம்பு அளவாச் சேர்ந்தாத்தான் வெத்தலை போட்ட வாய் செவக்கும். 2004ல தமிழைச் செம்மொழின்னு மத்திய அரசு அறிவிச்சுதே, நிறம் பார்த்தா அறிவிச்சாங்க?

தரகர் நாலு வடையத் தின்னுட்டு, "பொண்ணு கொஞ்சம் மாநிறம்"னு சொல்லிட்டுப் போனார். அன்னிக்கு ராத்திரி அக்கா கிணத்தடியில மஞ்சளத் தேய்ச்சுத் தேய்ச்சு அழுதா. அந்த அர்த்தமும் ஊர்ல இருக்கு, நான் மறுக்கல. அது அந்தச் சொல்லு மேல வந்து அப்பின அழுக்கு அண்ணே.

எங்கம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைச்சவங்க. சாம்பலத் தொட்டுத் தொட்டு உடைச்சாலும் தோட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிஞ்சு கெடக்கும். தீபாவளிக்கு மொத நாள் எங்களுக்கு மருதாணி அரைச்சு வச்சுவிடுவாங்க. தான் வச்சுக்க மாட்டாங்க. "இந்தக் கையில எங்க புடிக்கப்போவுது"ம்பாங்க.

வேலைய விட்டு நாலு வருஷமாச்சு. போன தீபாவளிக்கு நான் வச்சுவிட்டேன். விடியக்காலையில கையக் கழுவிட்டு, வாசல் லைட்டுக்குக் கீழ நின்னு ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு, "செவந்துதாடி?"ன்னாங்க.

செவந்திருந்துச்சு, நடுவர் அவர்களே.