பிள்ளை எடுக்கிற புத்தகம்

(பாம்பனில் கோடை விடுமுறையில் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தக் கூட்டத்தை வைத்தவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது. பள்ளிக்கூடமும் லீவு. அப்பாமாரும் வாப்பாமாரும் பகல் நேரத்தில் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பது இந்த நாட்களில்தான்.

"எங்க பையன் புத்தகத்தையே தொடமாட்டேங்கிறான்" என்று என்னிடம் சொல்லாத தாய்மார் இங்கே குறைவு. என்ன புத்தகம் கொடுத்தீர்கள் என்று கேட்பேன். பொது அறிவுக் களஞ்சியம், தலைவர்கள் வரலாறு, குறளுக்கு விளக்கவுரை என்பார்கள். பெரும்பாலும் விழாவில் பரிசாக வந்தவை. நல்ல நூல்கள்தான். ஆனால் அதையெல்லாம் பிள்ளைக்கு எது நல்லது என்று நினைத்து நாம் எடுத்தோம். அவனுக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ஒரு விதி. அடுத்த விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நம் வீட்டுப் பிள்ளையும் அந்த வாசகர்களில் ஒருவன்தான்.

நான் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு. பாடப்புத்தகத்தில் இரண்டு வரி வாசிப்பதற்குள் வியர்த்துவிடும். ஆனால் கரையில் வலையை உதறும்போது சீலா, பாறை, ஊளி, விளைமீன் என்று அடுக்குவான். வாடையா கச்சானா என்று காற்றைப் பார்த்தே சொல்லுவான். அவன் முன்னால் மீன் படப் புத்தகம் ஒன்றை வைத்தேன். பக்கத்துக்கு ஒரு பெரிய படம், கீழே நாலு வரி. புரட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். "சார், இது கலவாயே இல்ல, படம் தப்பு" என்றான். என்ன எழுதியிருக்கிறது, பாரேன் என்றேன். புத்தகத்தோடு சண்டை போடுவதற்காகவே அந்த நாலு வரியையும் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தான். அப்புறம் கேட்டான்: "ஆவுளியா பத்தி இருக்கா?" ஆவுளியா என்று அவன் சொன்ன கடற்பசு பற்றிய சின்ன நூல் ஒன்று இருந்தது. அது கடற்புல் தின்று வாழ்கிற பாலூட்டி என்பது அவனுக்கு முன்பே தெரியும். தனக்குத் தெரிந்தது அச்சில் இருப்பதைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு பெருமை வந்ததே, அதைத்தான் நாம் தேட வேண்டும்.

உங்கள் பிள்ளைக்கு மீன் பிடிக்காமல் இருக்கலாம். பாலம் பிடிக்கலாம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமாக விரிந்தது. 2025-இல் வந்த புதியதில் நடுப்பகுதி அப்படியே மேலே எழும். அது எப்படி என்று கேட்கிற பிள்ளைக்கு எந்திரங்களைப் பற்றிய நூலைக் கொடுங்கள். பேய்க்கதை கேட்டால் அதையும் கொடுங்கள். காமிக்ஸ் கேட்டால் தயங்காதீர்கள். சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸைப் படித்துத்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் வாசகர் ஆனார்கள்.

சரி, பிள்ளைக்குப் பிடித்த விஷயம்தான், ஆனால் அவனால் படிக்க முடியுமா? ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் "வந்துட்டு இருந்தப்போ" என்று பேசுகிற பிள்ளை, அச்சில் "வந்துகொண்டிருந்தபோது" என்ற நீளமான சொல்லைக் கண்டால் மிரளும். அதனால் தொடக்கத்தில் குட்டி வாக்கியங்களும் பேச்சுநடையில் உரையாடலும் உள்ள நூல்களாகப் பாருங்கள். எழுத்தும் பெரிதாக இருக்கட்டும். அரசின் வாசிப்பு இயக்க நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை 'நுழை' நூலை எடுத்தால் "இது சின்னப் பிள்ளைங்க புத்தகம்" என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த ஒரு வார்த்தை போதும், பிறகு அவன் அலமாரிப் பக்கமே வரமாட்டான்.

பாதியில் மூடினாலும் விட்டுவிடுங்கள். படித்த கதையைச் சொல்லு, நீதி என்ன என்று கேள்வி கேட்காதீர்கள்.

இன்னொன்று, புத்தகம் கைக்கு எட்ட வேண்டும். பக்கத்து ராமேஸ்வரத்தில் சிறுவன் அப்துல் கலாமுக்குத் தன் வீட்டு நூல்களைப் படிக்கக் கொடுத்தவர் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற பெரியவர். நம் தெருவிலும் அப்படி ஒரு வீடு வேண்டும். படித்து முடித்த புத்தகங்களை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

வெளியே மேசையில் புத்தகங்களை விரித்து வைத்திருக்கிறோம். முதலில் பிள்ளைகள் போகட்டும். அவர்கள் எடுத்ததை வாங்கிப் பார்த்து மாற்றச் சொல்லாதீர்கள். பெரியவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்; வாசிக்கத் தெரியாத அப்பாமார் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.