பில்லில உங்கட கிணத்தையும் எழுத வையுங்கோ

வணக்கம் நேயர்களே.

நீச்சல் தடாகத்துக்கு ஹீற்றர் வாங்கிறதைப் பற்றிக் கதைக்க வாங்கோ எண்டு நிலையத்தில இருந்து கேட்டதை வீட்டில சொன்னன். மனிசி சிரிச்சுப்போட்டா. "சித்திரை மாசம் தாங்கித் தண்ணியில கை வைக்கேலாது, இதுக்குள்ள தண்ணியைச் சூடாக்கப் போறியளோ?" எண்டு கேட்டா.

நியாயமான கேள்விதான். ஆனால் மார்கழி விடியக்காலமையை யோசிச்சுப் பாருங்கோ. கிணத்தில அள்ளித் தலையில வாக்கிற தண்ணி இளஞ்சூடாத்தான் இருக்கும். அதே தண்ணியை ஒரு தடாகத்தில நிரப்பி, ரெண்டு மூண்டு இரவு வாடைக்காத்துக்குள்ள கிடக்க விட்டால், கால் வைக்க உடம்பு உதறும். கீரிமலைக்குப் போய் முழுகிப் பழகின எங்களுக்கு அது பெரிய விசயமில்லை. மார்கழி லீவுக்கு லண்டனில இருந்தும் கனடாவில இருந்தும் வாற பிள்ளையளுக்கு மட்டும், ஏனெண்டு தெரியாது, இங்க வந்துதான் குளிரும். அதோட, மூட்டு வருத்தத்துக்குத் தண்ணிக்குள்ள பயிற்சி செய்யிற வயசான ஆக்களும் இருக்கினம். அதால விருந்தினர் விடுதி வைச்சிருக்கிற ஆக்கள் இப்ப என்னட்டை இதைப் பற்றிக் கேக்கினம். நான் இருபது வருசத்துக்கு மேல தண்ணி மோட்டர், பம்ப், ஹீற்றர் திருத்திற ஆள்.

முதல்ல என்ர பிழை ஒண்டைச் சொல்லுறன்.

நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதி. அஞ்சு மீற்றர் நீளம், மூண்டு மீற்றர் அகலம், ஒண்டே கால் மீற்றருக்குக் கொஞ்சம் குறைஞ்ச ஆழத்தில ஒரு சின்னத் தடாகம். கிட்டத்தட்ட 18,000 லீற்றர் தண்ணி. முதலாளியின்ர தமையன் கனடாவில. அவர் அங்க ஒன்லைனில ஹீற் பம்ப் எண்ட, தடாகத் தண்ணியைச் சூடாக்கிற மெஷின் ஒண்டு பாத்திருக்கிறார். இங்க கடையில சொன்ன விலையில பாதிதான். வாங்கி, வீட்டுச் சாமான்களோட கப்பலில போட்டுவிட்டிட்டார். பெட்டி வந்து சேர்ந்த அண்டைக்கு முதலாளி எடுத்தார், "அண்ணை, வந்து கொனெக்ஷன் குடுங்கோ" எண்டு.

போனனான். மெஷினின்ர பக்கத்தில ஒட்டியிருந்த பிளேற்றையும் பாத்தனான். 208–230 வோல்ற் எண்டு இருந்துது. எங்கட கரண்ட் 230, சரி எண்டு வயரைப் பூட்டினன். அதுக்குப் பக்கத்தில 60 ஹேர்ட்ஸ் எண்டு இருந்ததைக் கண் பாத்தது, மூளை பாக்கேல்லை. ஹேர்ட்ஸ் எண்டது கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தினை தரம் போய்த் திரும்பி வருது எண்ட கணக்கு. இலங்கையில 50. கனடா, அமெரிக்காவில 60. மெஷினுக்குள்ள காஸை அமுக்கிறது கொம்பிரசர். அறுபதுக்குச் செய்த கொம்பிரசர் மோட்டரை அம்பதில ஓட்டினால் ஆறில ஒரு பங்கு மெதுவாச் சுத்தும். மெதுவாச் சுத்தினால் பரவாயில்லையே எண்டு நினைக்கக் கூடாது. வோல்ற்றேஜ் அப்பிடியே இருக்க ஹேர்ட்ஸ் மட்டும் குறைஞ்சால் மோட்டர் கூடக் கரண்ட் இழுத்துச் சூடேறும். மூண்டாம் கிழமை கொம்பிரசர் ஒரு தரம் உறுமிப்போட்டு நிண்டுது. திறந்து பாக்கத் தேவையில்லை, மணத்திலயே தெரிஞ்சுது.

தமையன் அங்க கொம்பனிக்கு எடுத்தார். அவை நல்ல மரியாதையாத்தான் கதைச்சிருக்கினம். வொறன்ரி இருக்கு, ஆனால் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உள்ளுக்கு மட்டும்தான். அங்கேயே பூட்டியிருந்தாலும் வேற ரெண்டு கேள்வி வந்திருக்கும். பூட்டினது லைசன்ஸ் உள்ள ஆளோ? பாவிக்கிறது வீட்டிலயோ, வியாபாரத்திலயோ? வீட்டுப் பாவனைக்கு எண்டு வித்த மெஷினை விடுதியில பூட்டினால் வொறன்ரி குறையும், இல்லாட்டில் இல்லாமலே போகும். அந்த நாட்டில சில தடாகக் கொம்பனிகள், ஒன்லைனில வாங்கித் தாங்களே பூட்டுற ஆக்களுக்கு உத்தரவாதக் காலத்தையே வெட்டிப்போடுறவை எண்டதும் அண்டைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. பாதி விலை எண்டதுக்கு அர்த்தம் பிறகுதான் விளங்கிச்சுது.

இப்ப ஒரு கணக்கு. பேப்பர் பென்சில் இருந்தால் எழுதுங்கோ. ஒரு லீற்றர் தண்ணியை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோகலோரி வேணும். 18,000 லீற்றரை நாலு பாகை ஏத்த 72,000. ஒரு யூனிற் கரண்ட் 860 கிலோகலோரி. பிரிச்சுப் பாத்தால் 84 யூனிற் அளவில வரும். கேத்திலுக்குள்ள இருக்கிற மாதிரிக் கொயில் வைச்ச ஹீற்றர் எண்டால் அந்த 84ஐயும் மீற்றரில காட்டும். ஹீற் பம்ப் வெளிக்காத்தில இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணிக்குள்ள விடுற மெஷின். ஏசியைத் திருப்பி வைச்ச மாதிரி. எங்கட மாதிரிச் சூடான இடத்தில ஒரு யூனிற்றுக்கு அஞ்சு யூனிற் அளவு சூடு தரும். அப்ப 17 யூனிற் போதும். அதால கொயில் ஹீற்றர் மலிவாக் கிடைக்குதெண்டு தடாகத்துக்கு வாங்கிறதை நான் ஒருநாளும் சரியெண்டு சொல்லன்.

இன்னொரு கணக்கையும் சொல்லுறன், இதை ஹீற்றர் விக்கிற ஆக்கள் சொல்லமாட்டினம். ஒரு லீற்றர் தண்ணி ஆவியாப் போகேக்க, மிச்சத் தண்ணியில 580 லீற்றர் அளவை ஒரு பாகை குளிராக்கிப்போட்டுத்தான் போகும். தடாகம் குளிருறதுக்கு முக்கிய காரணம் இந்த ஆவிதான். வாடைக்காத்து அடிச்சால் இன்னும் கெதியாப் போகும். இரவில மூடி வைக்க ஒரு கவர், வடக்கு கிழக்குப் பக்கமா மறைப்புக்கு ஒரு வேலி. முதல்ல இது ரெண்டையும் செய்து ஒரு மாசம் பாருங்கோ. சில ஆக்களுக்கு அதோட ஹீற்றர் தேவைப்படாமலே போகும். கவரை ஒன்லைனில வாங்கிறதில எனக்கு ஒரு பயமும் இல்லை. அதுக்குள்ள எரியிறதுக்கு ஒண்டுமில்லைத்தானே.

சரி, ஹீற்றர் வேணும் எண்டு முடிவெடுத்தாச்சு. ரவுண் கடையிலயோ ஒன்லைனிலயோ?

கடையில வாங்கினால் பிரச்சினை இல்லை எண்டு நினைக்கிற ஆக்களுக்கு ஒரு கதை. இது தடாகமில்லை, குளியலறை ஹீற்றர். கோண்டாவிலில ஒரு வீடு. இங்கத்தைக் கடையில, நல்ல பெயருள்ள மொடல், ரெண்டு வருச வொறன்ரி. பதினொராம் மாசம் சூடு வரேல்லை. கொழும்பில இருந்து ஏஜென்ற் அனுப்பின பெடியன் வந்து, தண்ணியைச் சூடாக்கிற கொயிலை, அதுதான் எலிமென்றை, வெளியில இழுத்தான். முட்டைக் கோது சுத்தின மாதிரி வெள்ளையாக் கல்லுப் பிடிச்சு, விரல் மொத்தத்துக்கு இருந்துது. போனில ரெண்டு படம் எடுத்தான். "தண்ணிப் பிழை, வொறன்ரிக்குள்ள வராது" எண்டு எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போயிட்டான். அட்டையைத் தேடிப் பாத்தால் பின்பக்கத்தில, இங்கிலிஷில, கடுகு எழுத்தில அப்பிடித்தான் இருக்கு.

அந்தக் கல்லு எங்க இருந்து வருது எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கட நிலமே சுண்ணாம்புக்கல்லு. அதுக்குள்ளால இறங்கின மழைத்தண்ணிதான் கிணத்தில இருக்கு. சூடாக்கினவுடன கரைஞ்சிருந்த சுண்ணாம்பு வெளியில வந்து, எது ஆகச் சூடோ அதில போய் ஒட்டும். கேத்திலுக்குள்ள பாக்கிற அதே வெள்ளைதான். கரையோரம் எண்டால் இதோட உப்பும் சேரும். அப்ப யாழ்ப்பாணத்தில வித்த ஹீற்றருக்குக் "கடினத் தண்ணி எண்டால் பொறுப்பில்லை" எண்டு போட்டால், அந்த வொறன்ரியில மிஞ்சிறது என்ன?

இந்த இடத்தில நான் ஒரு ரீச்சரிட்டைப் படிச்ச பாடம் இருக்கு. இளைப்பாறின ஆள், மானிப்பாய்ப் பக்கம். அவ ஹீற்றர் வாங்கப் போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனவ. கடைக்காரர் பில் எழுதேக்க, "தம்பி, கிணத்துத் தண்ணிக்கு உகந்தது எண்டும் எழுதி விடுங்கோ" எண்டு கேட்டா. அவர் சிரிச்சு, "அப்பிடி எழுதிறேல்லை ரீச்சர்" எண்டார். "நீங்கள்தானே வாயால சொன்னியள், அதைப் பேனையால சொல்லுங்கோ" எண்டா. கொஞ்சம் யோசிச்சுப்போட்டு எழுதினார். பிறகு, "இது வேண்டாம் ரீச்சர், மற்றதைக் கொண்டு போங்கோ, இதைவிட அது கல்லுத் தாங்கும்" எண்டு வேற மொடலை எடுத்துத் தந்தார்! அந்த ஒரு வரி எழுத வேண்டி வந்ததாலதான் அவருக்கு உண்மை வாயில வந்தது. ஒரு வருசத்தால எலிமென்ற் போனபோது, கதைவழி இல்லாமல் மாத்தியும் குடுத்தவர்.

நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் எங்கட நாட்டில 1896ஆம் ஆண்டில வந்த பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அதில ரீச்சரின்ர புத்தி இருக்கு. இன்ன தேவைக்குத்தான் வாங்கிறன் எண்டு விக்கிறவருக்குத் தெரியப்படுத்தி, அவற்ற அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஓரளவுக்காவது பொருந்தவேணும் எண்டு அது சொல்லுது. இன்ன பிராண்டைத் தாங்கோ எண்டு பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு மெலிஞ்சு போகும். ஒன்லைனில படத்தைத் தட்டி வாங்கேக்க நாங்கள் செய்யிறது இந்த ரெண்டாவதைத்தான். கிணத்தைப் பற்றி ஆரிட்டைச் சொல்லுறது? அப்பிடியும் ஒன்லைனில வாங்கிறதெண்டால், காசு கட்ட முதல் ஒரு மெசேஜ் போடுங்கோ. ஊர் யாழ்ப்பாணம், கிணத்துத் தண்ணி, விடுதிப் பாவனை, இதுக்குப் பூட்டலாமோ எண்டு கேளுங்கோ. வாற பதிலைப் படமாப் பிடிச்சு வையுங்கோ. பதில் வராட்டில் அதுவும் ஒரு பதில்தான்.

தடாக ஹீற்றருக்கு எண்டு இன்னும் சிலது இருக்கு. உள்ளுக்குத் தண்ணி ஓடுற குழாய் ரைற்றேனியமோ எண்டு கேளுங்கோ. குளோரினையும் உப்பையும் அதுதான் தாங்கும், செம்பு தாங்காது. பிஎச், அதாவது தண்ணியின்ர அமில கார அளவு, 7.2க்கும் 7.8க்கும் இடையில நிக்கவேணும் எண்டு அனேகமா அட்டையில இருக்கும். அதால கிழமைக்கு ஒருக்கால் பாத்து ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, நாளைக்குத் தண்ணிப் பிழை எண்டு சொல்ல வரேக்க காட்ட ஏலும். குளோரின் வில்லையை ஹீற்றருக்கு முன்னால, தண்ணி உறிஞ்சிற கூடைக்குள்ள போடுற பழக்கம் கன இடத்தில இருக்கு. அந்த அமிலத் தண்ணி நேர ஹீற்றருக்குள்ளதான் போகும்.

"கொம்பிரசருக்கு அஞ்சு வருசம்" எண்டு பெரிசாப் போட்டிருக்கும். அது கொம்பிரசர் எண்ட சாமானுக்கு மட்டும். கழட்டிற கூலி, காஸ் அடிக்கிற காசு, கொழும்புக்கு ஏத்தி இறக்கிற லொறிக்காசு எல்லாம் ஆற்ற தலையில எண்டு கேட்டுக்கொள்ளுங்கோ. கொழும்பு இங்க இருந்து 400 கிலோமீற்றர் அளவில. அம்பது அறுபது கிலோ மெஷினை அங்க அனுப்பி எடுக்கிறது உங்கட செலவு எண்டால், ஒன்லைனில மிச்சம் பிடிச்ச காசு ஒரு பயணத்திலயே கரைஞ்சு போகும். உள்ளுக்கு இருக்கிற காஸ் ஆர்-32 எண்டால், அதைக் கையாளத் தெரிஞ்ச ஆள் யாழ்ப்பாணத்தில ஆர் எண்டு பெயரும் நம்பரும் வாங்குங்கோ. அது நெருப்புப் பிடிக்கக்கூடிய காஸ், எல்லாரும் தொடுற சாமான் இல்லை. ஏர்த்தும், கரண்ட் கசிஞ்சால் தானே நிப்பாட்டிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் இல்லாமல் தண்ணிக்குள்ள ஆக்களை இறக்கிற வேலைக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ. நான் வரமாட்டன்.

பில்லைப் பற்றி ஒரு சின்ன விசயம். இப்ப கடையளில தாற வழுவழுப்பான பில்லில எழுத்து எங்கட வெக்கைக்கு ஒரு வருசம் கூட நிக்காது. லாச்சிக்குள்ள பத்திரமா வைச்ச பில்லை எடுத்துப் பாத்தால் வெறும் வெள்ளைத் தாள். வாங்கின அண்டைக்கே போனில படம் எடுத்து, மெஷினின்ர சீரியல் நம்பரையும் சேர்த்து எடுத்து, உங்களுக்கே அனுப்பி வையுங்கோ. கூரியரில வந்தால் பெட்டி உடைக்கிறதை வீடியோ எடுங்கோ, நசிஞ்சிருந்தால் கையெழுத்து வைக்க முதல் அதிலயே எழுதுங்கோ. கதைச்சும் சரிவராட்டில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கு, நம்பர் 1977. முறைப்பாட்டை எழுத்தில, வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கவேணும். அதால, பாப்பம் பாப்பம் எண்டு தைப்பொங்கலில இருந்து வைகாசி வரைக்கும் இழுக்காதேங்கோ.

அந்த நல்லூர் விடுதி முதலாளி போன மாசம் திரும்ப எடுத்தார். இந்த முறை இங்க ஒரு கடையில விலை கேட்டிருக்கிறார். "பிளேற்றைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறன், பாத்துச் சொல்லுங்கோ அண்ணை" எண்டார். 220–240 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ரெண்டு தரம் பாத்தனான். பில்லில என்ன எழுதப் போகினம் எண்டு கேட்டு வரச்சொல்லி விட்டிருக்கிறன், அவர் இன்னும் கடைக்காரரோட கதைச்சு முடிக்கேல்லை. பழைய மெஷின் என்ர பட்டறை வாசலில கிடக்கு. மேல் மூடியைக் கழட்டினதுக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு.

நன்றி, வணக்கம்.